சிவக்காத கன்னம்

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய தொடர்கதை ஒன்றில், கதாநாயகி நல்ல கறுப்பு நிறம் என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லியிருந்தேன். ஏழாவது அத்தியாயத்தில் அவள் கன்னம் நாணத்தால் குங்குமமாய்ச் சிவந்துவிட்டது! மதுரையிலிருந்து ஓர் அம்மாள் கடிதம் எழுதினார்: "நானும் கறுப்புதான், ஐயா. வெட்கமும் பட்டிருக்கிறேன். கன்னம் மட்டும் ஒருநாளும் சிவந்ததில்லை." என்ன பதில் சொல்ல? நான் பார்த்ததை எழுதவில்லை, படித்ததை எழுதியிருந்தேன்.

கதையில் இந்தப் பிழை நேர்ந்தால் யார் உயிரும் போய்விடாது. வைத்தியப் புஸ்தகத்தில் நேர்ந்தால்?

2020-ல் லண்டனில் வெளிவந்த 'மைண்ட் தி கேப்' என்ற கையேட்டைப் படித்தபோது அந்த அம்மாளின் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. இதை எழுதிய மலோன் முக்வெண்டே, ஜிம்பாப்வேயில் பிறந்த கறுப்பு இளைஞர். அப்போது செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர். தோல் சிவக்கும், உதடு நீலம் பாரிக்கும் என்று வகுப்பில் பாடம் நடக்கும். படங்களில் இருப்பதோ பெரும்பாலும் வெள்ளைத் தோல். கறுத்த தோலில் இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டார். திருப்தியான விடை கிடைக்கவில்லை. ஆசிரியர்கள் இருவரைத் துணை சேர்த்துக்கொண்டு தாமே எழுதிவிட்டார். ஒரே நோய்க்குறி வெளுத்த தோலிலும் கறுத்த தோலிலும் எப்படித் தோன்றும் என்று படங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுகிறார்.

1910-ல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்த ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர், கறுப்பர்களுக்கென்று இருந்த ஏழு கல்லூரிகளில் இரண்டைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று அறிக்கை எழுதினார். மற்ற ஐந்தும் மூடப்பட்டன. அது வாசலை அடைக்கிற காலம். இன்று வாசல் திறந்திருக்கிறது. கறுப்பு மாணவன் உள்ளே வந்து உட்கார்ந்து புஸ்தகத்தைப் பிரிக்கிறான். அதில் அவன் இல்லை. அவன் தாயும் இல்லை.

விளைவு அற்பமானதன்று. விரலில் மாட்டி ரத்தத்தின் பிராணவாயுவை அளக்கும் கருவியைப் பற்றி அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி 2020 டிசம்பரில் வெளியாயிற்று. பிராணவாயு குறைந்திருப்பதை அந்தக் கருவி கவனியாமல் விடுவது, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பு நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று தெரிந்தது. கண்ணும் ஏமாந்து, கருவியும் ஏமாந்தால் நோயாளி யாரிடம் போவான்?

நூலைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. நடை மிகச் சுருக்கம். நோய்க்குறி தெரிகிறது, நோயாளி தெரியவில்லை. ஆனால் மாணவர் எழுதிய கையேட்டில் இதைப் பெரிதாகச் சொல்வது நியாயமில்லை. என் உண்மையான மனக்குறை பெரிய பாட நூல்களின் மேல்தான். கறுத்த தோலுக்குத் தனிக் கையேடு போட்டுத் தீர்த்துக்கொள்வது, விருந்தாளியை அழைத்துவிட்டுத் திண்ணையில் இலை போடுவது போன்றது. கூடத்துப் பந்தியில் அல்லவா இடம் வேண்டும்?

இது அயலூர் விவகாரம் என்று நாம் சும்மா இருப்பதற்கில்லை. நம் பிள்ளைகளும் பெரும்பாலும் ஆங்கிலப் புஸ்தகங்களில்தான் வைத்தியம் படிக்கிறார்கள். பார்க்கப் போவதோ நம்முடைய தோலை. வீட்டில் மருத்துவம் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தக் கையேட்டைப் படிக்கச் சொல்லுங்கள். இனாமாகவே கிடைக்கிறது.

என் கதையின் அடுத்த பதிப்பில் அந்த வரியை அடித்துவிட்டேன். மதுரை அம்மாளுக்கு ஒரு பிரதி அனுப்பினேன்.