தான்றிமரமும் தாயக்கட்டையும்

சூதாட்ட மண்டபமொன்றை விஞ்ஞான சாமர்த்தியத்தால் சூறையாடும் கதைகளில் எனக்கு வெகுநாளாக ஒரு பித்து உண்டு. ஆயினும் இப்போது வருகிறவற்றில் பெரும்பாலானவை, கதவைக் காக்கும் ஒளிக்கற்றைகளுக்கிடையே வளைந்து நெளிந்து பணப்பெட்டியைச் சென்றடையும் வர்ணனையிலேயே தம் சக்தியை விரயம் செய்துவிடுகின்றன. அதிர்ஷ்டம் என்று ஊரார் சொல்லிவந்தது கணக்காக உருமாறும் அந்த ஒரு க்ஷணம் அவற்றில் அகப்படுவதில்லை.

அந்த க்ஷணத்தை நான் முதலில் கண்டது தா.பழூரில், எங்கள் வீட்டுத் திண்ணையில். வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்கும் இரவில், சுண்ணாம்புக்கட்டியால் கட்டம் வரைந்து, புளியங்கொட்டையையும் சென்ற கோடையில் எடுத்துவைத்த முந்திரிக்கொட்டையையும் காய்களாக்கித் தாயம் ஆடுவார்கள். பித்தளைக் கட்டைகள் இரண்டிலும் முகத்துக்கொன்றாக ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் உண்டு. நாலாம் முகம் வெறுமை. அத்தைப்பாட்டி இரண்டையும் உள்ளங்கையில் தேய்த்துவிட்டு, ஒன்றை வெறுமை மேலே இருக்கும்படி புரளாமல் தரையில் நழுவவிட்டு, மற்றதை மட்டும் உருட்டுவாள். நேர்மையாக உருட்டினால் தாயமோ (ஒன்றும் வெறுமையும்) பன்னிரண்டோ (இரண்டும் வெறுமை) விழுவதற்குப் பதினாறில் மூன்று பங்கே வாய்ப்பு. அவள் கைக்கோ இரண்டில் ஒன்று. கணிதம் படித்திராத அம்மையார் அதை எந்தக் காகிதத்தில் போட்டுப் பார்த்தாளோ!

நளசரித்திரத்தை நான் மதிப்பதும் இக்காரணத்தாலேயே. கொள்ளிடம் தாண்டிக் கும்பகோணம் வழியாகத் திருநள்ளாறு சென்று நளதீர்த்தத்தில் முழுகிவரும் எங்கள் ஊரார் நளனைச் சனி பிடித்தவனாகவே அறிவர். அவன் கணக்குக் கற்றவன் என்பதை மறந்துவிடுவர். பாரதத்தில், தேரோட்டியாய் மாறுவேஷத்திலிருந்த நளனிடம் மன்னன் இருதுபன்னன் வழியிலிருந்த தான்றிமரத்தைக் காட்டி, இரண்டு பெரிய கிளைகளில் இத்தனை இலை, இத்தனை காய் என்கிறான். நளன் தேரை நிறுத்தி, மரத்தைச் சாய்த்து, எண்ணிப் பார்த்தே நம்புகிறான். பழங்காலத்தில் சூதுக்காயாக உருட்டப்பட்டது அந்தத் தான்றிக்காயே என்பதை அறிந்தவருக்கு, கவி ஏன் வேறு மரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது விளங்கும். குதிரை வித்தைக்கு மாற்றாகச் சூதின் ரகசியத்தைப் பெற்றவுடன் அவனைப் பீடித்திருந்த கலி அவனை விட்டு நீங்குகிறான். இயன் ஹேக்கிங் என்னும் தத்துவாசிரியர் 1975-இல் நிகழ்தகவின் வரலாற்றை எழுதியபோது இந்தக் கட்டத்தை எடுத்தாண்டது வெறும் விநோதத்துக்காக அன்று.

இதன் நவீன அவதாரம் கற்பனைக் கதையல்ல. எட்வர்டு தார்ப் என்ற கணித ஆசிரியரும், தகவல் கோட்பாட்டின் பிதாவான கிளாட் ஷானனும், சிகரெட்டுப் பெட்டியளவில் ஒரு யந்திரம் செய்து 1961-இல் லாஸ் வேகாஸுக்குச் சென்றார்கள். ரூலெட் சக்கரம் ஓரிடத்தைக் கடப்பதையும் பந்து சுற்றுவதையும் ஒருவர் கால் விரலால் பொத்தானை அழுத்திக் குறிப்பார். சக்கரத்தை எட்டுப் பகுதியாகப் பிரித்துப் பந்து விழப்போகும் பகுதியை யந்திரம் ஒரு ஸ்வரமாக மற்றவர் காதில் சொல்லும். முடிநிறத்துக்கும் தோல்நிறத்துக்கும் இசையச் சாயம் பூசிய மெல்லிய கம்பிகள்தாம் அடிக்கடி அறுந்தன. ஒருமுறை பக்கத்திலிருந்த ஸ்திரீ தார்ப்பைப் பார்த்து அரண்டுபோனாள்; அவர் எழுந்து சென்று பார்த்தபோது, காதினின்று ஒலிகருவி ஏதோ அந்நியப் பூச்சிபோலத் தொங்கிக்கொண்டிருந்ததாம். நெவாடா மாகாணம் இத்தகைய கருவிகளைத் தடைசெய்தது 1985-இல்தான். அந்தப் பூச்சியை எழுதத் தெரிந்தவன்தான் கதைக்காரன். ஒளிக்கற்றையை யாரும் எழுதுவர்.

எங்கள் திண்ணையிலும் ஒருநாள் கம்பி அறுந்தது. அத்தைப்பாட்டியின் நழுவுகட்டை சிமெண்டு விரிசலில் இடறிப் புரண்டு மூன்றைக் காட்ட, உருண்ட கட்டையும் வஞ்சனையின்றி ஒன்றைக் காட்டிற்று. அவள் எங்களைப் பார்க்கவில்லை. அந்த விரிசலைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் காலையில் கொத்தனாருக்கு ஆளனுப்பினாள்.