லாஸ்ட் சர்வைவர்ஸ் (நாவல் தொடர்)

லாஸ்ட் சர்வைவர்ஸ் என்பது அமெரிக்க எழுத்தாளர் சூசன் பெத் ஃபெஃபர் வளரிளம் பருவத்தினருக்காக எழுதிய நான்கு நாவல்களின் தொடர். லைஃப் ஆஸ் வி நியூ இட் (2006), தி டெட் அண்ட் தி கான் (2008), திஸ் வேர்ல்ட் வி லிவ் இன் (2010), தி ஷேட் ஆஃப் தி மூன் (2013) ஆகியவை இதில் அடங்கும். பேரழிவுக் கதைகளைப் படிக்க விரும்பும் மாணவர்கள் இத்தொடரின் முதல் இரண்டு நூல்களிலிருந்து தொடங்கலாம்.

விண்கல் ஒன்று நிலவில் மோதி, அதைப் பூமிக்கு அருகே தள்ளிவிடுகிறது. மக்கள் தெருவில் கூடி வேடிக்கை பார்க்கிறார்கள். அதன்பின் கடல் பொங்கிக் கரையோர நகரங்கள் அழிகின்றன. எரிமலைகள் வெடித்துச் சாம்பல் வெயிலை மறைக்கிறது. விளைச்சல் இல்லை.

அறிவியல் படிக்கும் மாணவர் இங்கே கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும். நிலவின் தொலைவு பாதியானால் அதன் ஓதவிசை எட்டு மடங்காகும். ஆகவே கடல் பொங்குவது சரிதான். ஆனால் சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் சுற்றும் நிலவை ஒரு விண்கல் இப்படி நகர்த்துவதும், அந்த மோதலில் நிலவு உடையாமல் முழுதாக நிற்பதும் நம்பும்படி இல்லை. இதை ஆசிரியர் கேட்ட கடனாக எண்ணிக் கொடுத்துவிட்டு மேலே படிக்க வேண்டும்.

அந்தக் கடனை அவர் வட்டியோடு திருப்பித் தருவது சமையலறையில். முதல் நூல் பென்சில்வேனியாவில் வாழும் 16 வயது மிராண்டாவின் நாட்குறிப்பு. அவளுடைய தாய் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பாதியில் அழைத்துக்கொண்டு, ரொக்கப் பணத்துடன் கடைக்கு ஓடி, டின் உணவுகளை வாரிக் குவிக்கிறார். பிறகு எண்ணிக்கை தொடங்குகிறது. எத்தனை டின், எத்தனை பேர், ஒரு நாளைக்கு எத்தனை வேளை? முதலில் தாய் தன் பங்கைக் குறைக்கிறார். ஒரு கட்டத்தில் கடைக்குட்டி ஜானிக்கு மட்டும் கூடுதலாகக் கிடைக்கிறது. யாராவது ஒருவர் பிழைக்க வேண்டுமென்றால் அது யார் என்ற கணக்கை வாய்விட்டுச் சொல்லாமலே வீடு போட்டுவிட்டது. சத்துணவு முட்டையைத் தம்பிக்கென்று பொதிந்து வைத்த பிள்ளைகளை வகுப்பில் பார்த்த எனக்கு, இப்பகுதியை வேகமாகக் கடக்க முடியவில்லை.

ஆனாலும் மிராண்டாவின் வீட்டில் சேமிப்பும் விறகடுப்பும் உண்டு. இரண்டாம் நூலின் அலெக்ஸ் மொராலஸுக்கு அவை இல்லை. நியூயார்க்கில் வாழும் போர்ட்டோ ரிக்கோ வழிவந்த குடும்பத்தின் 17 வயது மகன் அவன். பெற்றோரைக் காணவில்லை, இரு தங்கைகள் அவன் பொறுப்பு. ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை கொண்ட அந்தப் பையன், தெருவில் கிடக்கும் பிணங்களின் காலணிகளையும் கைக்கடிகாரங்களையும் கழற்றி உணவுக்கு மாற்றுகிறான். அதே பேரழிவு, பணமில்லாத வீட்டில் என்ன செய்யும் என்று காட்டுவதால் இதுவே தொடரின் சிறந்த நூல் என்பது என் கருத்து.

மூன்றாம் நூல் இவ்விரு குடும்பங்களையும் சந்திக்க வைக்கிறது. அதில் வரும் காதல் அவசரமானது. நான்காம் நூலில் வளர்ந்துவிட்ட ஜான் மையப் பாத்திரம். வசதி பெற்றோர் பாதுகாப்பான நகரில் வாழ, மற்றவர்கள் அவர்களுக்கு உழைக்கிறார்கள். சேமித்து ஊட்டிய பிள்ளை இப்படியா ஆவான் என்று கோபம் வருகிறது. கருத்து வலுவானதுதான், ஆனால் நாட்குறிப்பு நடையைக் கைவிட்டதால் அந்த நெருக்கம் குறைந்துவிட்டது.

அறிவியல் இன்னும் உறுதியாக இருக்க வேண்டும் என்போர் மைக் மல்லினின் ஆஷ்ஃபால் (2011) தொடரை நாடலாம். யெல்லோஸ்டோன் பெரும் எரிமலை வெடித்தபின் ஒரு சிறுவன் குடும்பத்தைத் தேடி அயோவாவிலிருந்து இல்லினாய் வரை சாம்பலில் நடக்கும் கதை அது. வன்முறை மிகுதி, மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கே ஏற்றது.