அன்னக்கிளியின் துயரம்

காதலையும் பிரிவையும் பாடுவதில் மெக்சிகோ நாட்டு மரியாச்சிக் குழுவினர் பெயர்பெற்றவர்கள். சிற்றூர்களில் வளர்ந்த அவ்விசையைத் திரைப்படம் உலகறியச் செய்தது. நம் சிலமலையைப் போலவே மலையடிவாரத்து ஊரான பண்ணைப்புரத்தின் இளையராஜா, 1976-இல் 'அன்னக்கிளி' வாயிலாக நாட்டுப்புற மெட்டுக்களைத் திரைக்குக் கொணர்ந்ததும் இத்தகையதே.

எஸ். ஜானகியின் குரலில் அன்னத்தின் ஏக்கம் நம்மை உருக்குகிறது. ஆயினும் ஒரு குறை காண்கிறோம். வயற்காட்டுப் பாடல்களில் கைவிடப்பட்ட பெண் அழுவதோடு நில்லாள். வாக்குத் தவறியவனை நேர்நின்று கேட்பதும் உண்டு. அன்னத்தின் கதையிலோ அக்குரல் மெலிந்துவிடுகிறது. காதலன் வேறொருத்தியை மணக்க, அவன் குழந்தையைக் காத்து அவள் மடிகிறாள்.

தியாகம் உயர்ந்ததே. ஆனால், நீதி கேட்கும் நாவை அடக்கிப் பெறுவதைத் தியாகமென்று போற்றலாமோ? பாடலில் உருகும் நாம் இதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.