நூற்பா எண்ணும் நிலைத்த தரவு மாதிரியும்

தொல்காப்பியத்திற்கு மின்தரவுத்தளம் அமைப்போர்க்கு நூற்பா எண்ணையே அடையாளமாகக் கொள்வது எளிதாகத் தோன்றும். அம்முறை நெடுநாள் நிலைக்காது. ஓர் உரையாசிரியர் ஒரு நூற்பாவாகக் கொண்டதைப் பிறிதொருவர் இரண்டாகப் பகுத்தல் உண்டு. நூற்பாக்களின் மொத்த எண்ணிக்கையும் உரைதோறும் வேறுபடும். எனவே எண் என்பது மூலத்தின் இயல்பன்று, உரையாசிரியரின் முடிபு. இளம்பூரணர் எண்ணை அடிப்படையாகக் கொண்ட தளத்தில் நச்சினார்க்கினியர் உரையைச் சேர்க்குங்கால் இணைப்புகள் பல பிறழும்.

பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பு 1998இல் வெளியிட்ட எஃப்.ஆர்.பி.ஆர். மாதிரி, படைப்பு, வெளிப்பாடு, பதிப்பு, படி என நான்கு நிலைகளைப் பிரித்தது. 2017இல் எல்.ஆர்.எம். என்னும் மாதிரி அதன் இடத்தைப் பெற்றது. படைப்பைப் பதிப்பினின்று பிரித்துக் காட்டியமை இவற்றின் சிறப்பு. ஆயினும் இவை நூற்பட்டியலுக்கென எழுந்தவை. நூற்பா அளவிலான உரைவேறுபாட்டை நாமே வடிவமைத்தல் வேண்டும்.

ஒவ்வோர் அடிக்கும் எண்ணையோ வரிசையையோ சுட்டாத மாறாக் குறியொன்று தருதல் தகும். நூற்பாப் பகுப்பு, எண், பாடவேறுபாடு ஆகியவற்றை உரையாசிரியர் பெயருடன் தனித்தனி அட்டவணைகளில் வைக்கலாம். புதிய உரை சேரின் ஒரு பகுப்பு கூடுமேயன்றிப் பழைய மேற்கோள் பிறழாது.

உரையைச் சுட்டாது நூற்பா எண்ணை மட்டும் தரும் நம் ஆய்வேடுகளும் இக்குறையுடையனவே. தரவுத்தளத்திற்கு முன் நம் மேற்கோள் முறை திருந்த வேண்டும்.