சிறுவன் கையில் சங்கு

வேர்ட்ஸ்வொர்த்தின் 'தி எக்ஸ்கர்ஷன்' (1814) நெடுங்கவிதையின் நான்காம் பகுதியில் ஒரு சிறுவன் வருகிறான். கடலோரத்தவன் அல்ல, உள்நாட்டில் வசிப்பவன். சங்கைக் காதில் வைக்கிறான், முகம் மலர்கிறது. கவிதை அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. சங்கு பிரபஞ்சமாகிறது, காது விசுவாசமாகிறது, சிறுவன் காணாமல் போகிறான்.

சங்குக்குள் கடல் இல்லை. சுற்றிலுமுள்ள சப்தங்களையே அதன் வளைந்த உட்புறம் வாங்கி, சிலவற்றைப் பெருக்கித் தருகிறது. சிறுவன் கேட்டது தான் நின்ற இடத்தின் இரைச்சலைத்தான். இது தெரிவதால் வியப்பு குறைவதாக எனக்குப் படவில்லை, கூடத்தான் செய்கிறது. கவிதையின் காரியமும் இதுதானே?

குழந்தைகளைப் பற்றி எழுதும் நம் கவிஞர்கள் பலருக்கு இந்தப் பொறுமை இல்லை. சங்கைப் பிடுங்கித் தத்துவம் சொல்கிறார்கள். நானும் அப்படி எழுதியவன்தான். வியப்புக்கே சங்கு ஊதும் வேலை அது.