வெள்ளையடித்த சுவரும் வரைந்த சுவரும்

சிவகிரிக்கு மேற்கே எழும் மலைத்தொடர் இரண்டு வகைத் திருச்சபைகளைப் பிரித்து நிற்கிறது. தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து, புனலூர், காயங்குளம் என்று சென்றால் சேப்பாடு வரும். அங்குள்ள புனித ஜார்ஜ் ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தின் பலிபீடச் சுவரில் வேதாகம நிகழ்ச்சிகள் செங்காவியிலும் மஞ்சளிலும் வரையப்பட்டுள்ளன. மலைக்கு இப்பக்கம் நம் சேகரத்து ஆலயங்களின் சுவர்களோ வெண்மையானவை. சீர்திருத்தச் சபையின் உபதேசமே இதற்குக் காரணம் என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். அவ்விடை பாதியளவே உண்மை.

இருபுறமும் உழைத்தது ஒரே சங்கம் என்பது நோக்கற்பாலது. சி.எம்.எஸ். மிஷனெரிமார் 1816இல் திருவிதாங்கூருக்கு வந்தனர். அதே சங்கத்தைச் சார்ந்த ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டையை அடைந்தார். இப்பக்கம் அவர்கள் புதிய ஆலயங்களைக் கட்டினர். அப்பக்கம் ஏற்கெனவே இருந்த ஒரு பழைய சபையினுள் சீர்திருத்தம் நாடினர். மரித்தோருக்கான ஜெபம், புனிதரை நோக்கிய வேண்டுதல், உருவ வணக்கம் ஆகியவற்றைக் குறித்து எழுந்த வேறுபாடு முற்றி, 1836 ஜனவரியில் கூடிய மாவேலிக்கரை சங்கத்தில் இரு தரப்பும் பிரிந்தன. அதற்குத் தலைமை வகித்த நான்காம் மார் திவன்னாசியோஸ் 1855இல் காலமாகி, சேப்பாட்டிலேயே அடக்கம் பண்ணப்பட்டார். மறுபுறம், சீர்திருத்தம் நாடிய ஆபிரகாம் மல்பான் 1837இல் மாராமண் ஆலயத்தில் வணங்கப்பட்ட மரத் திருவுருவத்தை அகற்றிக் கிணற்றில் போட்டார். அவர் அகற்றியது மக்கள் நேர்ச்சை செய்து வணங்கிய உருவம். உபதேசம் கண்டித்தது வணக்கத்தையே. கதை சொல்லும் சுவர் வேறு, வணங்கப்படும் உருவம் வேறு என்ற வேறுபாட்டை நாம் பிற்காலத்தில் மறந்துவிட்டோம்.

நம் பக்கத்து வெண்மைக்கு வேறு காரணங்களும் உண்டு. 1854 முதல் வட திருநெல்வேலிச் சீமையில் ராக்லண்ட் ஐயரும் உடன் ஊழியரும் கூடாரமடித்து ஊர் ஊராகச் சென்றனர். கூடாரத்திற்கு ஏது சித்திரச் சுவர்? பின்னர் எழுந்த சிற்றாலயங்களைக் கட்டிய ஏழைச் சபையாருக்குச் சுண்ணாம்பே எட்டிய பொருளாயிருந்தது. ஆயினும் இச்சீமை ஓவியம் அறியாததன்று. குற்றாலத்துச் சித்திரசபையின் சுவர்கள் முழுவதும் வண்ணமே. நம் முன்னோர் ஓவியத்தை அறிந்தே அதனின்று விலகியிருந்தனர்.

சேப்பாட்டு ஓவியங்கள் யாவும் ஒரே தரத்தன என்று நான் கூறேன். மேனாட்டுப் படங்களின் சாயல் சில உருவங்களில் ஒட்டாமல் நிற்கிறது. எனினும் கேரளச் சுவரோவிய மரபின் தடித்த கோட்டிலும் அகன்ற கண்ணிலும் வேதாகம மாந்தரை வரைந்தவர்கள், திருமறையைத் தம் மண்ணில் நின்று வாசித்தவர்கள். ஏட்டில் எழுதப்படாத வேத விளக்கம் அது. விளக்கவுரைகளின் வரலாற்றைக் கற்கும் நம் மாணவர் இதனையும் கற்க வேண்டாமா?

இவ்வகை ஓவியம் அழிவது எளிது. சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு உலர்ந்தபின், காவிக்கல், விளக்குப்புகை, அவுரியிலை முதலியவற்றாலான வண்ணங்களைப் பிசின் சேர்த்து அதன்மேல் தீட்டுவர். ஈரத்துணியால் துடைத்தாலே வண்ணம் கரையக்கூடும். வெளிச்சுவரில் சிமெண்ட் பூசினால் உள்ளே அடைபட்ட ஈரம் உப்பைச் சுமந்து ஓவியத்தின் பக்கமாக வெளிவந்து, பூச்சைப் பொரியச் செய்யும். அண்மை ஆண்டுகளில் தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் திட்டத்தால் சேப்பாட்டு ஆலயத்திற்கு ஆபத்து நேருமென்று அஞ்சிப் பலர் குரல் எழுப்பினர், அது நன்றே. ஆனால் நூற்றாண்டு விழாவுக்கென்று பெயிண்ட் டப்பாவுடன் வரும் மேஸ்திரியை எந்தச் சபையும் எதிர்ப்பதில்லை. அவரை அழைப்பதே நம் கமிட்டிதான். மங்கிய முகத்தின்மேல் புதுமுகம் எழுதுவதைப் புதுப்பித்தல் என்கிறோம். அப்பணியில் பழைய ஓவியம் மறைந்தொழிகிறது.

தஞ்சைப் பெரியகோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பிற்காலத்தில் தொல்லியல் துறையின் வேதியியலார், மேலடுக்கை அழிக்காமல் பெயர்த்தெடுத்துத் தனியே நிலைப்படுத்தினர். சென்னை அருங்காட்சியகத்தில் 1930 முதலே இத்துறைக்கென ஆய்வுக்கூடம் உண்டு. அறிவுரை கேட்க நாம் ரோமாபுரிக்குப் போக வேண்டியதில்லை.

நம்மிடம் காப்பதற்கு ஓவியம் ஏது என்று ஓர் ஆயர் கேட்கலாம். சென்னைக் கோட்டையில் 1680இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற புனித மரியாள் ஆலயத்தில், கர்த்தருடைய பந்திக்கு மேல் கடைசி இராப்போசன ஓவியம் உள்ளது. ரஃபேலின் மாணவர் பரம்பரையைச் சார்ந்தது என்று வழிகாட்டிகள் பெருமை பேசுவர். எனக்கோ அதன் மற்றொரு வழிவழிச் செய்தியே முக்கியமாகப் படுகிறது: 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபோது கொள்ளைப் பொருளாக அது வந்ததாம். அவ்வாறாயின் சமாதானப் பந்தியின்மேல் போரின் சின்னம் தொங்குகிறது. ஓவியத்தைக் காப்போர் இச்செய்தியையும் மறைக்காமல் காக்க வேண்டும்.

நம் சிற்றூர் ஆலயங்களுக்குரிய சித்திரம் எழுத்தே. பலிபீட வளைவின்மேல் வண்ணத்தில் எழுதிய திருவசனத்தையே நம் முன்னோர் ஓவியத்தின் இடத்தில் வைத்தனர். அதையும் ஆண்டுதோறும் அழித்தெழுதுகிறோம். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய ‘லை’, ‘னை’ வடிவங்கள் அவ்வாறு மறைகின்றன. வசனத்தின் சொற்கள் பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பினவா, ரேனியஸுடையனவா, 1871இன் பவர் திருப்புதலினவா என்று அறிய, சுவரே சான்றாகக்கூடும். அடுத்த முறை சாரம் கட்டுமுன் குருவானவர் அவ்வெழுத்தைப் பகலொளியில் புகைப்படமெடுத்து, அளவு குறித்து, சேகரப் பதிவேட்டில் சேர்க்கட்டும். இயலுமாயின், அந்த வளைவை மட்டும் தொடாமல் விட்டுவிடும்படி மேஸ்திரியிடம் சொல்லட்டும்.