இறங்கத் தெரிந்தவர்கள்

2 மணி 15 நிமிடம் 58 விநாடி. 2018 ஏப்ரல் 16 அன்று யூகி கவாவுச்சி பாஸ்டன் மாரத்தானை வென்ற நேரம் இது. 1976க்குப் பிறகு அந்த ஊரில் ஆண்களின் வெற்றி நேரம் இவ்வளவு மெதுவாக இருந்ததில்லை. நேரத்தை மட்டும் பார்ப்பவர்கள் இந்த ஓட்டத்தை மழைக்கும் காற்றுக்கும் எழுதிவைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கோ, மாரத்தானுக்குத் தயாராவது ஒரு கலை என்றால் அந்தக் கலையின் மிகச் சிறந்த சில மணி நேரங்களில் ஒன்று அது. பெர்லின் மாரத்தானில் கென்யாவின் எலியுட் கிப்சோகே ஓடிய 2:01:09ஐ வியக்கிறேன். ஆனால் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது இந்த 2:15:58ஐத்தான். காரணம் எளியது. 42.195 கிலோமீட்டர் என்பது வெறும் அளவு. அந்த அளவை யாரும் ஓடுவதில்லை; ஓர் ஊரைத்தான் ஓடுகிறோம். அந்த ஊரின் ஏற்ற இறக்கத்தையும் காற்றையும் மாதக்கணக்கில் முன்கூட்டியே உடம்புக்குள் கொண்டுவருவதுதான் பயிற்சி. இதை மறந்த பயிற்சி எத்தனை கிலோமீட்டரைச் சேர்த்தாலும் பாதிப் பயிற்சிதான்.

பாஸ்டனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எல்லோரும் ஹார்ட்பிரேக் மலைக்குத் தாவிவிடுகிறார்கள். 1936 ஓட்டத்தில் ஜானி கெல்லி, எலிசன் பிரவுனை எட்டிப்பிடித்துத் தோளில் தட்டிவிட்டுக் கடந்தார். அந்தத் தட்டலில் உசுப்பப்பட்ட பிரவுன் மீண்டும் முந்தி வென்றார். பத்திரிகையாளர் ஜெர்ரி நேசன் அந்த மேட்டுக்குப் பெயர் வைத்தார். கதை அருமைதான். ஆனால் அந்த மேடு ஏறக்குறைய 600 மீட்டர் தூரத்தில் 27 மீட்டர்தான் உயர்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புதிய கால்களோடு ஏறினால் மூச்சு கொஞ்சம் வாங்கும், அவ்வளவுதான். அதை இதயம் உடைக்கும் மலையாக ஆக்குவது அதற்கு முன்னால் வரும் இறக்கம். ஹாப்கின்டனில் ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் தொடங்கும் பாதை முதல் மைலிலேயே 40 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பிறகும் ஆஷ்லேண்ட், ஃபிரேமிங்ஹாம் என்று சரிந்துகொண்டே போகிறது. வெல்லஸ்லி கல்லூரி மாணவிகளின் கூச்சலைத் தாண்டி, 26ஆவது கிலோமீட்டர் வாக்கில் நியூட்டன் லோயர் ஃபால்ஸுக்குள் இன்னொரு செங்குத்தான சரிவு. அதன் பிறகுதான் நான்கு மேடுகள். ஆக, உடைவது மேட்டில் தெரியவருகிறது, உடைத்தது இறக்கம்.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிரேக் போட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. மூச்சு சுகமாக இருப்பதால் ஓடுபவருக்கு இது தெரிவதில்லை. வாட்ச்சில் பேஸ் அழகாகத் தெரிகிறது, மனசு குளிர்கிறது. 30ஆவது கிலோமீட்டரில்தான் தொடை பதில் சொல்கிறது. இந்தப் பாதையின் கருணையும் அதே தசையில்தான் இருக்கிறது. ஒருமுறை கடுமையாக இறங்கி ஓடி வலித்து ஆறிய தொடை, அடுத்த முறை அதே இறக்கத்தில் அவ்வளவு சேதமடைவதில்லை; இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கிறது. உடற்பயிற்சி அறிவியலில் இவ்வளவு தெளிவாக நிலைநிறுத்தப்பட்ட விஷயங்கள் குறைவு. அப்படியிருக்க, பாஸ்டனுக்குத் தயாராகும் ஒருவர் பயிற்சிக் காலம் முழுவதும் ஏற்றங்களையே தேடி ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், தேர்வுக்கு வராத பாடத்தை மனப்பாடம் செய்வதைப் போலத்தான் தோன்றுகிறது. ஏற வேண்டும், ஆனால் இறங்குவதற்காக ஏற வேண்டும்.

பழைய ஓட்டக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1979இல் தோஷிஹிகோ செகோ, பில் ராட்ஜர்ஸை நிழல்போல் தொடர்ந்து நியூட்டன் மேடுகள்வரை வந்தார். ராட்ஜர்ஸ் அந்த வட்டாரத்திலேயே வாழ்ந்து, அந்தச் சாலைகளிலேயே பயிற்சி எடுத்தவர்; இறக்கத்தில் ஓடுவதில் அவருக்கு நிகரானவர் அன்று அரிது. மேடுகளில் செகோவை உதறிவிட்டு 2:09:27இல் முடித்தார். செகோவுக்கு இரண்டாம் இடம், 2:10:12. 1981இல் செகோ திரும்பி வந்தார். இம்முறை ராட்ஜர்ஸுக்கு மூன்றாம் இடம். செகோ வென்ற நேரம் 2:09:26. ராட்ஜர்ஸின் 1979ஆம் ஆண்டு நேரத்தைவிடச் சரியாக ஒரு விநாடி குறைவு. 1987இல் செகோ இன்னொரு முறையும் வென்றார். இந்த ஒரு விநாடியை நான் பெரிதாக்குகிறேன் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். தோற்ற பாதைக்கே திரும்பி வந்து, தோற்கடித்தவரின் நேரத்தையே அளவுகோலாக வைத்தது போன்ற அந்த முடிவில், ஓர் ஊரை ஓட்டக்காரர் எப்படிப் படிக்கிறார் என்பது மொத்தமும் அடங்கியிருக்கிறது. செகோவுக்குப் பிறகு ஜப்பானியர் ஒருவர் பாஸ்டனை வெல்ல 31 ஆண்டுகள் ஆயின. வென்றவர் கவாவுச்சி.

கவாவுச்சி அப்போது சைத்தாமா மாகாண அரசின் ஊழியர். பள்ளி அலுவலகத்தில் முழுநேர வேலை. நிறுவன அணியில் சேர்ந்து, மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, பயிற்சியாளர் சொல்லுக்கு ஏற்ப ஓய்வெடுக்கும் ஜப்பானிய வழக்கமான வாழ்க்கை அவருக்கு வாய்க்கவில்லை. பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஓட்டம். வார இறுதியில் லாங் ரன்னுக்குப் பதிலாக எங்காவது ஒரு பந்தயம். ஓர் ஆண்டில் பத்துக்கும் மேற்பட்ட மாரத்தான் என்பது அவருக்குச் சாதாரணம். பந்தயங்களுக்கு நடுவே இத்தனை குறைந்த இடைவெளியா என்று வல்லுநர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் இங்கே அவர்களோடு சண்டை போடப் போவதில்லை. இந்த முறை எல்லா உடம்புக்கும் பொருந்தாது. ஆனால் வல்லுநர்கள் பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. வெயிலிலும் பனியிலும், மேட்டிலும் கடலோரத்திலும் மாறி மாறி ஓடிய அந்தப் பந்தயங்கள் வெறும் கிலோமீட்டர்கள் இல்லை. எத்தனையோ ஊர்களின் குணங்களை அவர் உடம்பில் சேமித்துக்கொண்டிருந்தார்.

அவற்றில் நான் அதிகம் ரசிப்பது மார்ஷ்ஃபீல்டு. பாஸ்டனுக்குத் தெற்கே கடலோரச் சிற்றூர் அது. 2018 ஜனவரி 1, வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 17 டிகிரி செல்சியஸ் வாக்கில். புத்தாண்டு விடுமுறையில் ஜப்பானிலிருந்து பறந்து வந்து, பார்வையாளர்களும் பரிசுப் பணமும் இல்லாத ஒரு சிறு மாரத்தானில் கவாவுச்சி 2:18:59 ஓடினார். மூன்றரை மாதம் கழித்து வரவிருந்த பாஸ்டனுக்கான ஒத்திகை அது. அப்போது ஏப்ரலின் வானிலையை யாராலும் சொல்லியிருக்க முடியாது. இருந்தும் அந்த வட்டாரத்தின் மிக மோசமான குளிரை அவர் தேடிப்போய் ருசி பார்த்துவிட்டார். ஒரு நாடக நடிகர் அரங்கேற்றத்துக்கு முன்பே அதே மேடையில், வெளிச்சமே இல்லாமல் ஒருமுறை நடந்து பார்ப்பதைப் போன்றது இது. அந்த அக்கறைதான் என்னைக் கட்டிப்போடுகிறது.

ஏப்ரல் 16 அன்று ஹாப்கின்டனில் வெப்பநிலை 4 டிகிரியைத் தொடவில்லை. கொட்டும் மழை; மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பாதையில் முகத்துக்கு நேரே காற்று. பேஸ்மேக்கர்கள் பாஸ்டனில் கிடையாது. எல்லோரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ளும் நாள் அது. கவாவுச்சியோ முதல் மைலின் இறக்கத்தை ஐந்து நிமிடத்துக்கும் வெகு குறைவாக ஓடித் தனியாக முன்னே போனார். கூட்டம் பிடித்தது, மறுபடி பிய்த்துக்கொண்டு போனார், மறுபடி பிடித்தது. முட்டாள்தனம் என்றே அப்போது பலருக்குத் தோன்றியது. ஆனால் குளிரில் நின்று நிதானித்து ஓடுவது சூடாக இருக்கப் பழகிய உடம்புகளுக்குச் சாதகமான ஆட்டம்; அதை உடைத்து, ஒவ்வொருவர் தொடையையும் நனைந்த இறக்கத்தில் வேகமாகப் பிரேக் போட வைத்ததுதான் அந்தப் பாய்ச்சல்களின் விளைவு. முந்தைய ஆண்டு பாஸ்டனையும் உலகச் சாம்பியன் பட்டத்தையும் வென்ற ஜெஃப்ரி கிருயி மேடுகளில் முன்னே போனார். இடைவெளி ஒரு நிமிடத்துக்கும் மேல். பாஸ்டன் கல்லூரியைத் தாண்டிய பிறகு பாதை மறுபடியும் நகரத்தை நோக்கி இறங்குகிறது. சாதாரணக் கண்ணுக்கு அது ஓய்வு. கிழிந்த தொடைக்கு அதைவிடக் கொடுமை இல்லை. கிருயியின் ஓட்டம் அங்கே சிதைந்தது. கடைசிச் சில கிலோமீட்டரில் கவாவுச்சி அவரைக் கடந்து, முடிவில் இரண்டு நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார். இந்த வானிலை தனக்கு ஏற்றது என்று பிறகு சொன்னார். அது பணிவு இல்லை, வெறும் தகவல்.

இதற்கு முதல் மறுப்பு: அதிர்ஷ்டம். வானம் வெளுத்திருந்தால் கவாவுச்சி வென்றிருக்க மாட்டார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே மழை எல்லோர் மேலும் பெய்தது. அன்று பெண்கள் பிரிவில் வென்ற டெஸ் லிண்டன், 2011இல் இதே பாதையில் இரண்டே விநாடியில் வெற்றியைத் தவறவிட்டவர்; விடாமல் திரும்பி வந்துகொண்டே இருந்தவர். அதிர்ஷ்டம் இரண்டு பிரிவிலும் இந்தப் பாதையோடு பிடிவாதமாகப் பழகியவர்களையே தேடிப்போனது என்றால், அதற்கு வேறு பெயர் வைப்பது நியாயம். இரண்டாவது மறுப்பு கனமானது: அடித்தளம் வலுவாக இருந்தால் எந்த ஊரும் ஒன்றுதான், நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு கற்பித்தது அதுதானே என்பார்கள். லிடியார்டை மேற்கோள் காட்டுபவர்கள் அவருடைய நூறு மைல் வாரங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆக்லாந்தின் வையாத்தாருவா மேடுகளில் 22 மைல் சுற்று ஓடவிட்டவர் அவர். அடித்தளத்துக்குப் பிறகு மேட்டுப் பயிற்சிக்கென்றே தனிக் கட்டம் வைத்தவர். அடித்தளம் போட்டுவிட்டு எந்த வீட்டைக் கட்டுவது என்று கேட்காத கொத்தனார் அவர் இல்லை.

கிப்சோகேயைச் சாட்சிக்கு அழைக்கலாம். கப்தகாட் பயிற்சி முகாமில் அவருடைய ஒழுங்கு, வியாழக்கிழமை நெடு ஓட்டம், கையால் எழுதிவைத்த நாட்குறிப்பு எல்லாம் இன்று உலகம் அறிந்தவை; அவரைவிடச் சிறந்த அடித்தளம் யாருக்கும் இருந்ததாகச் சொல்ல முடியாது. 2023இல் பாஸ்டனுக்கு முதல்முறையாக வந்தார். 30ஆவது கிலோமீட்டர் வாக்கில், மேடுகளில், பின்தங்கினார். 2:09:23, ஆறாம் இடம். எவன்ஸ் செபெட் 2:05:54இல் வென்றார், தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக. இடது காலில் பிரச்சினை இருந்ததாகக் கிப்சோகே சொன்னார். அதை நம்பாமலிருக்கக் காரணமில்லை, ஓர் ஓட்டத்தை வைத்து ஒருவரை எடைபோடவும் கூடாது. ஆனால் முதல்முறை வந்தவர் மேட்டில் தடுமாறியதும், அதற்கு முந்தைய ஆண்டே அங்கே வென்றவர் அதே மேட்டில் விலகிப் போனதும் என் வாதத்துக்கு எதிராகப் பேசவில்லை.

பாஸ்டனின் நேரங்களைச் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பதை ஒரு குறையாகச் சொல்பவர்களும் உண்டு. 2011இல் ஜெஃப்ரி முத்தாய் 2:03:02 ஓடினார்; அதுவரை மனிதர் எவரும் மாரத்தானை அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. பாதை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது, தொடக்கமும் முடிவும் வெகுதூரம் விலகியிருக்கக் கூடாது என்ற விதிகளால் அது உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை. அன்று பின்காற்று வேறு. விதி சரியானதே. ஆனால் 2011இல் பின்காற்றும் 2018இல் எதிர்காற்றும் வீசிய ஒரே சாலையை ஓர் எண்ணால் அளக்க முடியாது என்பதுதான் அதன் பெருமை. 1976இல் அங்கே அனல் அடித்தது. வீட்டு வாசல்களில் நின்றவர்கள் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி ஓட்டக்காரர்களை நனைத்தார்கள். பெர்லினை விரும்புபவர்களோடு எனக்குப் பகையில்லை. அங்கே ஊர் தன்னை மறைத்துக்கொண்டு ஓட்டக்காரரைக் காட்டுகிறது. எனக்கு இருவரும் தெரிய வேண்டும்.

குறை என்று சொல்ல வேண்டுமானால் இன்றைய பயிற்சித் திட்டங்களைத்தான் சொல்வேன். பதினாறு வாரத் திட்டம் ஒன்றை எடுத்துப் பாருங்கள்: செவ்வாய் வேகம், வியாழன் டெம்போ, ஞாயிறு லாங் ரன், கடைசி மூன்று வாரம் டேப்பர். எந்த ஊருக்கு என்று எங்கும் எழுதியிருக்காது. சிகாகோவுக்கும் பாஸ்டனுக்கும் அதே தாள். கார்பன் தகடு பதித்த ஷூ வந்தபிறகு, காலில் போட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்ற நினைப்பு இன்னும் கெட்டியாகியிருக்கிறது. இதைவிட வருத்தம், மலையிலிருந்து கீழே உருளும் பாதைகளைத் தேடிப்பிடித்துப் பாஸ்டனுக்கான தகுதி நேரத்தை எடுக்கும் வழக்கம். 2027 ஓட்டத்திலிருந்து, மொத்தமாக 1500 அடியும் அதற்கு மேலும் இறங்கும் பாதைகளின் நேரத்தோடு 5 நிமிடம் கூட்டப்படும். 3000 அடியென்றால் 10 நிமிடம். நல்ல விதி. இறக்கத்தை ஓடக் கற்பதற்கும் இறக்கத்தை வைத்துக் குறுக்குவழி தேடுவதற்கும் உள்ள தூரம் பெரிது.

வேலைக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் செய்ய முடியுமா என்று கேட்டால், கவாவுச்சியும் வேலைக்குப் போனவர்தான். சென்னை போன்ற தட்டையான ஊரிலிருந்து பாஸ்டனுக்குப் போகிறவர் ஏற்காட்டுக்கோ ஏலகிரிக்கோ இரண்டு வார இறுதிகள் போய், காரில் ஏறி, ஓடி இறங்கினால் போதும். கடைசியாக இறங்குவது பந்தயத்துக்கு மூன்று வாரத்துக்கு முன்பாக இருந்தால் வலி ஆறிப் பாதுகாப்பு மிஞ்சும். அதற்கும் வழியில்லாதவருக்கு ஃப்ளைஓவர்கள் இருக்கின்றன. இவ்வளவு குறைந்த செலவில் கிடைப்பதை விட்டுவிட்டு ஏன் ஷூவில் தேடுகிறார்கள் என்பது எனக்குப் புரிவதில்லை.

கவாவுச்சி 2019இல் பட்டத்தைக் காக்க மறுபடியும் ஹாப்கின்டனுக்கு வந்தார். காலையில் மழை பெய்து ஓய்ந்து, பிறகு புழுக்கமாகிவிட்டது. 2018இல் வென்றதைவிட 29 விநாடி வேகமாக, 2:15:29இல் முடித்தார். கிடைத்தது பதினேழாம் இடம்.